கருப்புக்கு நான் எழுதிய நோட்டு

நானும் அவளும் வேலையைப் பங்கு போட்டிருந்தோம். வெள்ளைக் காய் வந்தால் எப்படி ஆரம்பிப்பது என்பதை அவள் தயார் செய்வாள். கருப்பு வந்தால் என்ன ஆடுவது என்பது என் பொறுப்பு. ஒரே தெரு, ஒரே வகுப்பு. பாகூரில் எங்கள் வயதில் செஸ் ஆடிய பெண்கள் நாங்கள் இரண்டே பேர்தான். என் அண்ணனின் லேப்டாப்பில், எந்த மூவ் சரி, எது தப்பு என்று காட்டும் செஸ் என்ஜின் இருந்தது. அவள் வீட்டில் இருந்தது அவள் அப்பாவின் போன் மட்டும். கரும்பு வெட்டு நடந்தால் அதுவும் வயலுக்குப் போய்விடும். அதனால் நான் கண்டுபிடிப்பதை இரண்டு நோட்டில் எழுதுவேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

கருப்பு என்றாலே அடி வாங்கிக்கொண்டு பதில் சொல்வதுதான். எனக்கு அது பிடித்திருந்தது, என் குணமே அப்படி. லேசில் உடையாத ஆட்டமாகப் பார்த்துக் காரோ-கான் என்ற தொடக்கமுறையை எடுத்தேன். வெள்ளை இதை ஆடினால் நாம் அதை, அதை ஆடினால் இதை என்று நாலு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அவள் அப்படியே மனப்பாடம் செய்தாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்படி நம்பினாள், லூசு.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்னால் என் நோட்டில் இருந்த ஓட்டையை என்ஜின் காட்டிக்கொடுத்தது. நாம் ஒரு குதிரையை வெளியே எடுத்து வைத்த பிறகு, வெள்ளை தன் ராணியைத் தன் ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், இரண்டாவது குதிரையை உடனே எடுக்கவே கூடாது. எடுத்தால் அடுத்த மூவில் மேட். வெள்ளைக் குதிரை உள்ளே வந்து செக் சொல்லும். அதை வெட்ட வேண்டிய சிப்பாய் நகர முடியாது, நகர்ந்தால் ராணியின் வழி திறந்துவிடும். ராஜாவுக்கு ஓட இடமில்லை, சுற்றி நம் காய்களே நிற்கும். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை முதலில் ஒரு கட்டம் தள்ள வேண்டும், அப்புறம்தான் குதிரை. என் நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

மறுநாள் அவளிடம் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அதற்குள் பி.டி. சார் எல்லார் முன்னாலும், "ஆட்டம் அவளுக்கு மண்டையில கீது, உனக்கு நோட்டுலதான் கீது" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள். பொறாமைதான், வேறென்ன. நான் சொல்லவில்லை.

செலக்‌ஷன் அன்று காலை அவள் அப்பா எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். "தோத்தா பரவால்ல, நின்னு ஆடணும். சும்மா போயி ஒக்காந்துட்டு எழுந்து வர்றதுன்னா இதோட போர்ட மூடி வெச்சிட்டு படிக்கிற வேலைய பாரு" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அவள் முகம் சுண்டிப்போனது.

இருந்தது ஒரே இடம். கடைசி ரவுண்டின்போது அவள் என்னைவிட அரைப் புள்ளி மேலே இருந்தாள். அவள் தோற்று நான் ஜெயித்தால்தான் எனக்கு வழி. யாருக்கு எதிரே யார் என்று பட்டியல் ஒட்டினார்கள். அவளுக்குக் கருப்பு, எதிரே வில்லியனூர்ப் பக்கத்துப் பெண். காலையில் அந்தப் பெண் வேறொருத்தியிடம் அதே ராணியை அதே இடத்தில் நிறுத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி ஆடட்டும்? பயமா கீது" என்றாள்.

"நோட்டுல இன்னா கீதோ அதையே ஆடு" என்றேன்.

எனக்கு இரண்டு மேசை தள்ளி அவள் போர்டு. நான் ராஜாவைக் கோட்டைக்குள் வைப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு என்னைத்தான் தேடினாள். நான் குனிந்து என் போர்டைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜெயித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். "நீ கரெக்டாதான்டி எழுதிக் குடுத்த. நான்தான் எங்கியோ மாத்தி வெச்சிட்டேன். ஒன் நாலு மாசத்த வீணாக்கிட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கிறாள், அதுவும் என்னிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஆமா, குதிரைய அவசரப்பட்டு எடுத்துட்ட" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "ஆறு மூவ்ல போயிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லாதடி. ரொம்ப நேரம் ஆடுனேன்னு சொல்லு. ப்ளீஸ்டி." சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அவள் அப்பா வயலிலிருந்து நேராக வந்து, காலில் சேற்றோடு பஸ் ஸ்டாப்பில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். மகள் முகத்தைப் பார்த்தவர் அவளைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "இன்னாம்மா, நின்னு ஆடுனாளா?"

பின்னாலிருந்து அவள் என் விரலை அழுத்தினாள்.

"எங்க ஆடுனா மாமா, ஆறே மூவ்தான்" என்றேன்.