மலையேறும்போது மட்டும் நின்ற கார்

என் கணவர் குவைத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு டீசல் கார் வாங்கி, திருப்பதியில் வாடகைக்கு விட்டிருந்தோம். ஓட்டியவர் எங்கள் வடமாலபேட்டைக்காரர். என்னை அக்கா என்பார். இரண்டாம் வருடம் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. அதுவும் அலிபிரி தாண்டித் திருமலைக்கு மலையேறும்போது மட்டும். சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஓடுமாம். புத்தூர்வரை நான் போய்வந்த நாட்களில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

"சவாரி ஏத்திக்கினு மேட்ல போனாத்தான் ஆஃப் ஆவுதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் டிரைவர்.

எனக்குத் தெரியாமல் திருட்டுச் சவாரி போய்விட்டு வந்து, வண்டி நின்றது என்கிறாரோ என்று தோன்றியது.

திருப்பதி பைபாஸ் ஓரத்து மெக்கானிக் தெலுங்குக்காரர். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மிஷினைச் செருகி, அதில் வந்த எரர் கோடைப் பார்த்து சென்சார் ஒன்றை மாற்றினார். இஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது பேசாவிட்டால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். ஒரு வாரத்தில் வண்டி மறுபடியும் நின்றது. "கம்ப்யூட்டர் பெட்டியையே மாத்தணுமாம்" என்று வந்து சொன்னார் டிரைவர்.

இருவரும் கூட்டு என்று முடிவு கட்டிக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.

"கழட்டுன சென்சார் எங்க?"

மெக்கானிக் ஒரு டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இது எங்க வண்டியோடதுதான்னு எப்படி நம்பறது? திரும்ப இதையே போடுங்க."

முறைத்துக்கொண்டே போட்டார். முதல் திருப்பிலேயே இஞ்சின் உறுமியது.

"அப்போ இது கெட்டுப்போச்சுன்னு மிஷின் சொல்லிச்சா, நீங்க சொன்னீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "இந்த சென்சார்லேந்து சிக்னல் வரலேன்னு சொல்லிச்சி. அந்தேனம்மா, அவ்ளோதான்."

"சரி, அந்த எரர் கோடை அழிச்சிட்டு மிஷினை மாட்டிக்கினே மலை ஏறலாம். நானும் வரேன்."

அலிபிரி சோதனைச் சாவடியில் ஒயர் தொங்கும் அந்த மிஷினைப் பார்த்ததும் காவலர் எங்கள் மூவரையும் இறக்கிவிட்டார். "இதேமி?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். மெக்கானிக் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அரைமனதாகத்தான் விட்டார்.

செங்குத்தான ஒரு வளைவில், நான் பார்த்துக்கொண்டிருந்த திரையில் இஞ்சின் வேகம் சட்டென்று பூஜ்யமானது. வண்டி நின்றது.

"பாத்தீங்களாக்கா?" என்றார் டிரைவர்.

ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தோம். மெக்கானிக் சென்சாரை விட்டுவிட்டு, அதற்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இரும்புப் பட்டைக்குப் பின்னால் ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. மேட்டில் இஞ்சின் திணறிச் சாயும்போது அந்த இடம் இரும்பில் பட்டிருக்கிறது. சமதரையில் படவில்லை. டேப் சுற்றி ஒயரைத் தள்ளிக் கட்டினார். திருமலைவரை வண்டி நிற்கவே இல்லை. நான் கேட்பதற்கு முன்பே, "புது சென்சாரை நானே வெச்சிக்கிறேம்மா, காசைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார் மெக்கானிக்.

மலை இறங்கும்போது டிரைவர் கேட்டார். "என்னத்தான சந்தேகப்பட்டீங்க?"

"ஆமா தம்பி."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை குவைத்திலிருந்து போன் வந்தது. நடந்ததை உற்சாகமாகச் சொன்னேன். "வண்டியில யார் யாரு இருந்தீங்க?" என்றார் கணவர். சொன்னேன். "மெக்கானிக்கோட நீ எதுக்குப் போன?" அதற்கும் பதில் சொன்னேன். அதையே வேறு விதமாகக் கேட்டார். பிறகு இன்னொரு விதமாக. வண்டி சரியாகிவிட்டதா என்று கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் காலை சாவி வாங்க வந்த டிரைவர் வாசலிலேயே நின்றார்.

"அண்ணன் எனக்கு போன் பண்ணாருக்கா. நேத்து இன்னா நடந்துச்சின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா மட்டும் வரலேன்னா கம்ப்யூட்டர் பெட்டிய மாத்திட்டு, மறுபடியும் மலையில நின்னுக்கினு இருப்போம்னு சொன்னேன்."

சாவியை வாங்கிக்கொண்டு சவாரிக்குப் போனார்.