இடது பக்கத்துக் கம்பி

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பாய்மரப் படகு வந்து சேர்ந்தது கோதண்டத்தின் மாட்டு வண்டியில்தான். பட்டணத்துக் கம்பெனித் துரை ஒருவர் விடுமுறைப் பொழுதுபோக்குக்கு வாங்கிய படகு. சின்னதுதான், ஆனால் அடியில் ஆள் மார்பளவு இறங்கும் கட்டை, அதன் முனையில் ஈயம். காற்றில் படகு கவிழாமல் பிடித்து நிறுத்துவது அந்த ஈயம்தான். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் படகை நேரே அடிக்கு இழுத்துக்கொண்டு போவதும் அதே ஈயம்தான். கரையில் குழி வெட்டி, கட்டையைக் குழிக்குள் விட்டு, மாட்டைப் பூட்டி அதை ஏரியில் இறக்கியவன் கோதண்டம். துரை அன்றைக்கே அவனைப் படகுக்கு ஆளாக வைத்துக்கொண்டார்.

வண்டிக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று பூந்தமல்லிக் கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கோடையில் ஏரி வற்றும்போது படகைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசுவான். நனைந்த பாயை நிழலில் உலர்த்துவான். மரத்துக்கு எண்ணெய், கம்பிக்குக் கொழுப்பு. மாட்டுக்குச் செய்வதைப் போலத்தான் எல்லாமே. அவனுக்குத் தெரிந்த அக்கறை அது ஒன்றுதான். அந்த அக்கறையே அவனை ஒரு நாள் குழியில் தள்ளப் பார்த்தது.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய ஆயுத பூசை அது. அன்றைக்கு வண்டிக்காரர்கள் சக்கரத்தின் கடையாணியைக் கழற்றி, புளி போட்டு விளக்கி, மஞ்சள் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். கோதண்டம் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். வண்டிக்குச் செய்கிறோமே, சோறு போடுகிற படகுக்குச் செய்யாமல் விடுவதா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. படகுக்கு ஏது கடையாணி? பாய்மரத்தை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். கம்பியின் கீழ்முனையை ஒரு போல்ட் படகோடு பூட்டியிருக்கும். அந்தப் போல்ட் நழுவாமல் காப்பது ஒரு சின்னப் பித்தளைப் பின். சரி, இதுதான் கடையாணி என்று முடிவு கட்டி, இடது பக்கத்துப் பின்னைக் குறட்டால் நிமிர்த்திக் கழற்றினான். பின்னும் குறடும் ஒன்றாகச் சாமி முன்னால் போய் உட்கார்ந்தன.

சாயங்காலம் காற்று கிளம்பியதும் பயம் வந்து, பின் ஒன்றும் ஆயுதமில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை எடுத்துப்போய்த் துளையில் செருகினான். செருகினால் மட்டும் போதாது. அதன் இரண்டு கால்களையும் குறட்டால் விரித்து மடக்க வேண்டும். குறடோ பூசையில் இருக்கிறது. மறுநாள் காலை கற்பூரம் காட்டி எடுக்கும்வரை ஆயுதத்தில் கை வைக்கக்கூடாது. நாளைக்குத் துரை வரமாட்டார், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டான். எத்திராஜிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் படகுக்குப் பொங்கல் வைத்தாயா என்று கேலி பண்ணுவான்.

எத்திராஜ் கோதண்டத்தின் தங்கை சொர்ணத்தைக் கட்டியவன். திருவேற்காட்டுப் பிள்ளை. கோதண்டம்தான் கூட்டிவந்து படகு வேலையில் சேர்த்தான். துரை சுக்கானைப் பிடிப்பார், எத்திராஜ் பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்து பாயைக் கவனிப்பான். சொர்ணத்துக்கு அப்போது ஏழாம் மாசம்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிய கையோடு குறட்டை எடுத்துக்கொண்டு மதகுக்கு வந்தான் கோதண்டம். படகு கட்டுகிற இடத்தில் படகு இல்லை. மதகுக் காவல் உலகநாதன் வெற்றிலை மென்றபடி, துரை திடீரென்று வந்துவிட்டார், எத்திராஜை ஏற்றிக்கொண்டு இப்போதுதான் தெற்கே போகிறார் என்று சாவகாசமாகச் சொன்னான். வெள்ளைப் பாய் கரையோரமாகவே தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து நல்ல காற்று.

துரையைத் திரும்பக் கூப்பிட மதகில் ஒரு கழி நட்டிருந்தார்கள். அதில் சிவப்புத் துணி ஏறினால் படகு உடனே திரும்பி வரவேண்டும் என்பது ஏற்பாடு. கோதண்டம் துணியை ஏற்றச் சொல்லிக் கத்தினான். உலகநாதன் கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். துணி பாதிக் கழி ஏறியிருக்கும். கோதண்டம் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏத்தாத. திரும்பினா செத்தான்."

உலகநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோதண்டத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இப்போது காற்று வலது பக்கமிருந்து அடிக்கிறது. பாரம் முழுதும் வலது கம்பியில். இடது கம்பி தொளதொளவென்று சும்மா ஆடிக்கொண்டிருக்கும், அந்த ஆட்டத்தில் பின் மெல்ல நழுவிக்கொண்டிருக்கும். இந்தப் போக்கில் போகிறவரை மரம் நிற்கும். திரும்பினால் காற்று இடது பக்கம் வந்துவிடும், இடது கம்பி பாரத்தை வாங்கவேண்டும். வாங்காது. மரம் முறிந்து எத்திராஜின் தலைமேல் விழும், பக்கம் சாய்ந்த படகில் தண்ணீர் ஏறும், ஈயம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். துரை எப்போதும் திரும்புகிற இடம் தெற்கு முனை. கரை மேடாகி ஆழம் குறைகிற இடம் அது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடினான். வண்டிக்காரனுக்கு ஓடிப் பழக்கமில்லை, மாடுதான் ஓடும். மூச்சு முட்டியது, காலில் முள் ஏறியது, ஏறட்டும் என்று ஓடினான். பாய்க்கு நேராக வந்ததும் துண்டை வீசினான். துரை அதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வேண்டும்போலிருந்தது கோதண்டத்துக்கு. சொர்ணத்தின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. அவளிடம் என்னவென்று சொல்வான்? சாமி கும்பிட்டதால் உன் புருஷன் போய்விட்டான் என்றா?

தெற்கு முனைக்குப் படகைவிடச் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டான். கரையிலிருந்து கத்தினான். காற்று குரலை அள்ளிக்கொண்டு கிழக்கே போய்விட்டது. படகு நெருங்கிக்கொண்டிருந்தது. துரை திரும்புவதற்காகப் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வது தெரிந்தது.

கோதண்டம் தண்ணீரில் இறங்கினான். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் அவனுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அடியில் சேறு காலைப் பிடித்தது. நிற்கவில்லை. கழுத்தளவு போனதும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.

"பாய உடு மாப்ள. திரும்பாத. பாய உடு."

துரை சுக்கானைத் தள்ளி, தயாராகும்படி எத்திராஜுக்கு உத்தரவு கொடுத்தார். படகின் மூக்கு அசைந்தது. எத்திராஜ் தண்ணீரில் தெரிந்த தலையைப் பார்த்தான். அடுத்த கணம், துரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பாயைத் தூக்கிப் பிடித்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டான். பாய் தடதடவென்று அவன் தலைமேலேயே சரிந்து விழுந்தது. துரை எழுந்து நின்று கத்தினார். ஆனால் காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல், படகு திரும்ப மனசில்லாததுபோல அங்கேயே நின்று ஆடியது. அந்த ஆட்டத்தில் போல்ட் நழுவி, இடது கம்பி கழன்று, பாய்மரத்தில் வந்து கணீரென்று மோதியது. துரை வாயை மூடிக்கொண்டார்.

காற்று படகைக் கரையோரம் ஒதுக்கியதும் கோதண்டம் எதையும் மறைக்கவில்லை. பின்னைக் கழற்றியது, பூசையில் வைத்தது, குறட்டைத் தொடாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னான். துரை போல்ட் இருந்த வெறும் துளையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார்.

மச்சானும் மாப்பிள்ளையும் கரைமேல் நடந்தார்கள். வெகுதூரம் வந்தபிறகுதான் கோதண்டம் கேட்டான். காற்று அப்படி அடித்ததே, நான் சொன்னது எப்படிக் கேட்டது, துரை அங்கே திட்டிக்கொண்டிருக்க எந்த தைரியத்தில் பாயை இறக்கினாய் என்று.

எத்திராஜ் நின்றான்.

"நீ சொன்னது ஒண்ணும் காதுல உழல மச்சான். நீ தண்ணில எறங்கி வந்துகினே இருந்த. உனுக்கு நீச்சல் தெரியாது. உசுரு போற விசயம் எதுவோ கீது, அத்தொட்டுத்தான் இந்த ஆளு வர்றான்னு நெனச்சேன். அவுத்து உட்டுட்டேன்."

கோதண்டம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஈர வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலத் தோள் குலுங்க அழுதான். எத்திராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான்.