சத்திரத்து நாய்கள் சண்டை போடவில்லை

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்குக் கல்லூரித் தோழிகள் மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். நம் கையெழுத்துப் பத்திரிகை எல்லோரையும் சுற்றி வருவதற்குள் நாள் ஓடிவிடும். அதனால் இந்தப் பயணக் கட்டுரையைப் பிரதியெடுத்துத் தனித்தனியாகவே அனுப்புகிறேன்.

நாலு வயது ராஜிக்கு முடியிறக்க, திங்கட்கிழமை நானும் இவரும் கிளம்பினோம். நகரியில் காலை ஆறரை பஸ். திருப்பதிக்கு முப்பது மைலுக்குச் சற்று மேல். ஆளுக்கு ஒரு ரூபாய். புத்தூரில் எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று எல்லைத் தகராறுக் கூட்டம் சாலையை அடைத்து நின்றது. பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. மலையில் முடியிறக்கி, மறுநாள் பதினோரு மணிக்குக் கீழே சத்திரத்துக்கு வந்தோம். அதுவரை ஒரு குறையும் இல்லை.

சத்திரத்தில் பந்தி முடிந்ததும் எச்சில் இலையைப் பக்கத்துச் சந்தில் கொட்டுவார்கள். அங்கே ஐந்து நாய்கள். கிழட்டுப் பெட்டைதான் முதலில் தின்னும். மற்றவை தள்ளி நிற்கும். இளசான செவலை ஒன்று அவசரப்பட்டு மூக்கை நீட்டியது. கிழம் பல்லைக் காட்டி உறுமியது. செவலை காதை மடக்கி, மல்லாந்து வயிற்றைக் காட்டியது. அவ்வளவுதான், விஷயம் தீர்ந்தது. கிழம் தின்னப் போய்விட்டது. எங்கள் கடலைக் கொல்லை நாய்களிடம் தினம் பார்க்கிற சங்கதிதான்.

ஆனால் பட்டுக்கரை வேட்டி யாத்ரீகர் ஒருவர் சண்டையை விலக்குகிறாராம். மல்லாந்து கிடந்த செவலையின் விலாவில் தடியால் ஒன்று வைத்தார். அது அலறிக்கொண்டு எங்கள் பக்கம் பாய, ராஜியின் கணுக்காலில் பல் பட்டு ரத்தம்.

அதே மனுஷர்தான் அடுத்த நிமிஷம், நாயை அடித்தே கொல்லவேண்டும் என்று நாலு பேரைச் சேர்த்தார். நான் குறுக்கே நின்றேன். அவர் என்னைக் கேட்டார்:

"நாய்க்குப் பரிஞ்சு வர்றியேம்மா, கடிபட்டது உன் பிள்ளைதானே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் பிள்ளைதான். அதனாலதான் அது உயிரோட இருக்கணும். பத்து நாள் அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தான் வெறி இல்லைன்னு தெரியும். நீங்க கொன்னுட்டா நான் எதைப் பார்த்து நிம்மதியா இருக்கறது?"

சத்திரத்துக் காவல்காரர் முனிரத்தினம், நான் பார்த்துக்கினு இருக்கிறேன் என்று செவலையைப் பின்கட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டினார். தடிக்காரரோ முனிசிபாலிட்டியில் எழுதிக் கொடுத்து அதைக் கொண்டுபோக வைப்பேன் என்றார். நாயின் ஜாடை புரியவில்லை, சரி. செய்த தப்பாவது தெரியவேண்டாமா?

திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வயிற்றில் பதினாலு ஊசி. பத்தாம் நாளும் நாய் நன்றாயிருந்தால் நிறுத்திவிடலாமாம். ஊர் திரும்பி இங்கே தினம் ஒன்று போடுகிறோம். ஆஸ்பத்திரித் தெரு வந்தாலே ராஜி பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

திருப்பதி போகிறவர்கள், பந்தி முடியும் நேரத்தில் குழந்தைகளைச் சந்துப் பக்கம் விடாதீர்கள். நாய்கள் தங்களுக்குள் உறுமினால் தடியெடுக்கிறவரைத் தடுங்கள். அடுத்த வெள்ளி பத்தாம் நாள். அதற்குள் போகிறவர்கள் ரயிலடிப் பக்கத்துப் பழைய சத்திரத்தில் முனிரத்தினத்தைக் கேட்டு, செவலை இருக்கிறதா, தின்கிறதா என்று பார்த்துச் சீக்கிரம் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.