ஏரியும் கடைசி நிறுத்தமும்

மருத்துவமனையில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. வருகிறவரை ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க. ரொம்ப மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க" என்பாள். பிறகு கனத்த கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இயந்திரத்தின் குமிழைத் திருகுவாள். தாளில் வலக் காதுக்குச் சிவப்பு வட்டம், இடக் காதுக்கு நீலப் பெருக்கல் குறி. பதினோரு வருடங்களாக இதே வட்டங்கள், இதே பெருக்கல்கள்.

ஆனால் அவள் தாளைவிட முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள். வெளிச்சத்தம் முழுக்க நின்றுபோனதும் மனிதர்களின் முகம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் ஆகிவிடும். கறாரான ஆசாமிகள்கூட வாயைக் கொஞ்சம் திறந்து, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அவள் எந்த ஒலியும் அனுப்பாதபோதும் பட்டனை அமுக்குவார்கள். ஒரு லாரி ஓட்டுநர் அப்படி நான்கு முறை அமுக்கினார். வெளியே வந்ததும், "நான் அப்ப ஒண்ணுமே அனுப்பலையே, என்ன கேட்டுச்சு?" என்று கேட்டாள்.

"யாரோ படியேறி வர்ற மாதிரி இருந்துச்சும்மா" என்றார் அவர், வெட்கத்தோடு.

அன்று மாலை பேருந்தில் அந்தப் படிகளை நினைத்துக்கொண்டே தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

அவளை நிஜமாக அசைத்தது ஒரு பள்ளி ஆசிரியை. ஒரு காலையில் எழுந்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தாள். எவ்வளவு சத்தமாக அனுப்பியும் பட்டன் அசையவில்லை. நெற்றியில் கம்பிகளை ஒட்டி, ஒலி மூளைவரை போகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்தபோது எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்வது தெரிந்தது. காது மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "காதுல ஒரு கோளாறும் இல்ல. நடிக்கிறாங்க, அனுப்பிடுங்க" என்றார்.

நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். நடிக்கிறவர்கள் கண்ணாடி வழியாக அவள் கையைக் கவனிப்பார்கள். இந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிக்கையைக் கொடுக்கும்போது என்னவோ கேட்க வேண்டும்போல் இருந்தது. எழுதிக் காட்டப் பேனாவைக்கூட எடுத்தாள். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். ஆசிரியை கோப்பை மார்போடு அணைத்தபடி நடைபாதையின் கோடிவரை நடந்து, வெளிச்சத்துக்குள் கரைந்துபோனாள்.

அந்த வருடமே அவள் தபால் வழியில் உளவியல் பட்டத்துக்குச் சேர்ந்தாள். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தாள். நடுவில் மாமனாரின் நோய், மகளின் உடைந்த கை, இரண்டு முறை காலை வாரிய புள்ளியியல் தாள். முடித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மருத்துவ உளவியல் முதுகலைக்கு ஆறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். நான்கு இடங்கள் பதிலே போடவில்லை. மீதி இரண்டும் ஒரே வாரத்தில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் அனுப்பின.

ஒன்று பெரிய பல்கலைக்கழகம். எட்டு மணி நேர ரயில் பயணம். மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில். அவள் படித்த பாடப்புத்தகங்களில் ஒன்றை எழுதிய பேராசிரியர் அங்கேதான் இருந்தார். இன்னொன்று அவள் ஊரிலேயே, பேருந்து கடைசியாக நிற்கும் இடத்திலுள்ள பழைய மனநல மருத்துவமனையோடு ஒட்டிய படிப்பு. மொத்தம் பன்னிரண்டு இடங்கள். செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை.

முதலில் ஏரிக்குப் போனாள். விடியும்போது ரயில் மலைக்குள் நுழைந்தது. பனிமூட்டத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக முளைத்து ஒவ்வொன்றாக மறைந்தன. நூலகத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர். படிக்கிறவர்கள் தலையைத் தூக்கினால் ஏரியையும், குனிந்தால் புத்தகத்தையும் பார்த்தார்கள். இங்கே ஒரு நாற்காலி தனக்கு என்று நினைத்துப் பார்த்தாள்.

பேராசிரியர் அவள் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்திருந்தார். அதில் அந்த ஆசிரியையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

"பதினோரு வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க. எங்க மாணவர்கள் யாருக்கும் அது இல்ல" என்றார் அவர். "காது சரியா இருந்தும் கேக்காமப் போறது எப்படின்னு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கிறோம். நீங்க வந்தா எங்களுக்கு லாபம்."

இதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. "நோயாளிகளை எப்போ பார்ப்போம் சார்?" என்று கேட்டாள்.

"இரண்டாம் வருஷக் கடைசியில. நோயாளிகளோட வேலை பார்க்கப் பதிவு வேணும்னா அதுக்கு மேல ஒரு வருஷம் வெளியே பயிற்சி எடுக்கணும்." அவர் மறைக்கவில்லை. "இது முக்கியமா ஆராய்ச்சிப் படிப்புதான்."

அடுத்த வாரம் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள். மருத்துவமனையின் பழைய சலவைக்கூடம்தான் வகுப்பறை. உயரமான கூரை, சுவரில் இன்னும் அகற்றாத நீராவிக் குழாய்கள். படிப்பை நடத்திய மேற்பார்வையாளர் குள்ளமான பெண்மணி. கையில் எப்போதும் கைக்குட்டை, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தும்மல். அவரும் அவள் கட்டுரையைப் படித்திருந்தார். ஆனால் எதையும் பாராட்டவில்லை.

"அந்த டீச்சருக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம். ரிப்போர்ட் குடுத்தேன்."

"ஏதாவது கேட்டீங்களா?"

"கேக்க நினைச்சேன். பயமா இருந்தது."

"என்ன பயம்?"

"அவங்க பதில் சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு."

மேடம் தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளில் எதையோ எழுதினார். இந்தப் படிப்பில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று அவள் கேட்டாள். "போன தடவ ரெண்டு பேர். ஒருத்தி திரும்பி வந்துட்டா" என்றார் மேடம், ஒளிக்காமல்.

மதியம் மாணவர்களின் கூட்டத்தில் உட்கார அனுமதித்தார்கள். முதல் மாதத்திலிருந்தே அவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். வாரம் ஒருநாள் பெயர் எதுவும் சொல்லாமல், தாங்கள் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒரு மாணவி சொன்னாள்: "அவர் அழ ஆரம்பிச்சதும் நான் தண்ணி எடுத்துட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன்."

"தண்ணி யாருக்கு வேண்டியிருந்தது?" என்றார் மேடம்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், அந்த மாணவியும் சிரித்தாள், கண் கலங்க. உயரமான ஜன்னல்கள் வழியாக விழுந்த வெயிலில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

இரண்டு இடங்களும் அவளை எடுத்துக்கொண்டன. பதில் சொல்ல ஒரு மாதம் தந்தார்கள். அந்த ஒரு மாதமும் அவள் இரண்டு பேராக வாழ்ந்தாள். பல் தேய்க்கும்போது ஏரிக்கரை வீட்டில் இருப்பாள். அங்கே ஜன்னலோரம் ஒரு மேசை, கம்பளிச் சட்டை, பனியில் பள்ளிக்குப் போகும் மகள். பேருந்தில் ஏறியதும் சலவைக்கூடத்தில் இருப்பாள். ஏரிக்கரை வீட்டில் திரைச்சீலை எந்த நிறம் என்பதுகூட முடிவாகிவிட்டது. அங்கே போவதா இல்லையா என்பதுதான் முடிவாகவில்லை.

கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகள் தைப்பார். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். "இப்போ எந்த ஊர்ல இருக்க?"

"மலை ஊர்ல."

"அங்க உப்பு கிடைக்காதா? முட்டையில ஒரு கல்லுகூட இல்ல."

அவள் சிரித்துவிட்டு உப்பு டப்பாவை நகர்த்தினாள். "நீங்கதான் சொல்லுங்களேன், எதுன்னு."

"நான் சொன்னா அது என் படிப்பு ஆயிடும். மெஷினை எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போவேன். சட்டை போடாத ஊர் எங்கயும் இல்ல."

பதினோரு வயது மகள் தன் நோட்டில் நடுவே கோடு போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் 'ஏரி' என்றும் மறுபக்கம் 'தும்முற மேடம்' என்றும் தலைப்பு. ஏரியின் கீழ் பதினான்கு வரிகள். மேடத்தின் கீழ் ஒரே வரி: 'கைக்குட்டை துவைக்கணும்.'

"ஏரிதான்மா ஜெயிக்குது" என்றாள்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சரி என்று பேராசிரியருக்குக் கடிதம்கூட எழுதி வைத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலை சோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

அந்த ஆசிரியைதான். புதிய பள்ளியில் வேலைக்குச் சேர மருத்துவச் சான்றிதழ் வேண்டி வந்திருந்தாள். சோதனையில் பட்டன் ஒவ்வொரு ஒலிக்கும் சரியாக அமுங்கியது. மிக மெல்லிய ஒலிக்கும். பட்டன் அக்கா போட்ட சிவப்பு வட்டங்கள் கோணலாக விழுந்தன. கதவைத் திறந்ததும் கேட்டாள். "எப்போ திரும்பக் கேக்க ஆரம்பிச்சது?"

"இங்க வந்துட்டுப் போய் ஏழு மாசம் கழிச்சு. பால் பொங்கி அடுப்புல விழுந்த சத்தம். அதான் முதல்ல."

"யார்கிட்ட காட்டுனீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. நடிக்கிறேன்னு டாக்டரே எழுதிக் குடுத்தப்புறம் யார்கிட்ட போறது?" கோபமில்லாமல்தான் சொன்னாள். கழற்றிய ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு பட்டன் அக்காவை நிதானமாகப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க என்கிட்ட ஏதோ கேக்க வந்தீங்க. பேனாகூட எடுத்தீங்க. அப்புறம் கேக்கல. என்னவா இருக்கும்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன்."

அறைக்கதவு பாதி மூடியிருந்தது. வெளிச்சத்தம் ஏதோ வேறு ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"வீட்டுல கூட யாராவது இருக்காங்களான்னு கேக்கலாம்னு" என்றாள் பட்டன் அக்கா.

ஆசிரியை மெல்லச் சிரித்தாள். "இருந்தாங்க. அதான் பிரச்சனையே."

இருவருமே சிரித்தார்கள். பிறகு ஆசிரியை சிரிப்பதை நிறுத்திவிட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். இந்த முறை பட்டன் அக்கா அடுத்தவரைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அரைமணி நேரம் ஆசிரியை பேசினாள். என்ன பேசினாள் என்பதைப் பட்டன் அக்கா தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. கேட்க மட்டும் முடிந்தது. கேட்டதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பேச்சில் நான்கு இடங்களில் என்ன பதில் சொல்வதென்று விளங்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். ஐந்தாவது இடத்தில் சொன்ன பதில் தப்பு. சொன்ன கணமே ஆசிரியையின் முகத்தில் அது தெரிந்தது. போகும்போது ஆசிரியை அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அன்று மாலை பேருந்தில் அவள் எங்கும் தொலைந்துபோகவில்லை. காது ஏன் கேட்காமல் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க நல்ல மனிதர்கள் ஏரிக்கரையில் இருக்கிறார்கள், கண்டுபிடிப்பார்கள். தனக்கு வேண்டியது அந்த ஐந்தாவது பதிலை ஒருவர் முன்னால் வைத்து, எங்கே தப்பு என்று கேட்பது. அதுவும் இரண்டு வருடம் கழித்து அல்ல.

வீட்டுக்கு வந்ததும் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தாள். கணவர் படித்துவிட்டு, "ஒரு மன்னிப்பு போதும், மிச்சத்தை வெட்டிடு" என்றார். பேராசிரியரின் பதில் இரண்டே வரி. ஆராய்ச்சிக்காக அவளுக்குக் கேள்விகள் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். மகள் மட்டும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சலவைக்கூடத்தில் மூன்று வருடம் ஓடியது. சொர்க்கம் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். முதல் வருடம் அவள் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே அவர்களைப் பேசவிடாமல் செய்தாள். மேடம் தும்மல்களுக்கு நடுவே அதை வாரம் தவறாமல் எடுத்துக் காட்டினார். இரண்டாம் வருடம் ஒரு நோயாளி சொல்லாமல் வருவதை நிறுத்தியபோது, விட்டுவிடலாம் என்று வீட்டிலேயே பத்து நாள் உட்கார்ந்திருந்தாள். பாதியில் போய்த் திரும்பி வந்தவர்களின் கணக்கில் அவளும் சேர்ந்தாள். அந்த நாட்களில் ஏரி திரும்பத் திரும்ப வந்தது. போகாத ஊரில் இன்னொருத்தி ஜன்னலோரம் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பொறாமைப்படுவாள். பிறகு அந்த இன்னொருத்தியின் முடியிலும் நரை தெரிய ஆரம்பித்தது. பொறாமை போய், தூரத்து உறவுக்காரியை விசாரிப்பதுபோல் அவளை நினைத்துக்கொள்ளப் பழகினாள்.

இப்போது அவளுக்குப் பதிவு உண்டு, டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஓர் அறை உண்டு. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மேற்கே பார்த்த ஜன்னல். மாலை நான்கு மணிக்குக் கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் ஒரு நிமிடம் யாரும் எதுவும் பேச முடியாது. முதலில் அது அவளுக்கு அவமானமாக இருந்தது. அறையை மாற்றலாமா என்றுகூட யோசித்தாள். போன வாரம் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது அது ஆரம்பித்தது. அவர் நிறுத்தி, ஜன்னலில் சாயும் வெயிலையும் தன் உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளும் சும்மா இருந்தாள். இயந்திரம் ஓய்ந்தது.

"எங்க விட்டேன்?" என்றார் அவர்.

"அண்ணன் கதவைத் திறந்தார்னு சொன்னீங்க."

"ஆமா" என்றார். பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதுல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."