இஸ்திரியக்கா திறந்த அறைகள்

அந்த மலை விடுதியில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கட்டின புருஷனே மறந்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தான். கட்டில் விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, சுருக்கமில்லாமல் விரிப்பது அவள் வேலை. சேர்ந்த புதிதில் இடுப்பு வலி தாங்காமல் ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டு, அவள் கண்முன்னாலேயே அந்த விரிப்பை உருவித் துவைக்கப் போட்டார். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை.

இந்த வருடம் மழை பிடித்த பிடியை விடவில்லை. விருந்தாளிகள் முன்னாடியே மலையிறங்கிவிட்டார்கள், அறைகள் காலி. வேலையாட்களின் குடியிருப்போ கீழே, ஆற்றை ஒட்டி. மத்தியானம் தண்ணீர் வாசற்படி ஏறியது. பாறைகள் உருண்டு வரும் சத்தத்தில் தரை அதிர்ந்தது. அவள் மருமகள் பிள்ளை பெற்று வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேரனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மருமகளையும் கைத்தாங்கலாகப் பிடித்து இஸ்திரியக்கா மேலே விடுதிக்கு ஏறினாள். மற்ற குடும்பங்களும் பின்னாலேயே வந்தன.

விடுதி வாசலில் வாட்ச்மேன் போனும் கையுமாக நின்றான்.

"ரூமைத் திறக்கக் கூடாதாம்க்கா. மேனேஜர் டவுன்லேருந்து பேசினாரு. கார் ஷெட்ல இருக்கச் சொல்றாரு."

"ஷெட்டுக்குப் பின்னால மண்ணு சரியுதே, சொன்னியா?"

"சொன்னேன்க்கா. ஓனர் கத்துவாராம்."

"கத்தட்டும். அவர் தொண்டைதானே, வலிச்சா நிறுத்துவாரு."

அவனை ஒதுக்கிவிட்டு, விரிப்பு மாற்றுவதற்காக இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தால் ஒவ்வொரு அறையாகத் திறந்தாள். இருப்பதிலேயே நல்ல அறையில் மருமகளைப் படுக்க வைத்தாள். மற்றவர்கள் சேற்றுக் காலோடு நிலைப்படியில் தயங்கினார்கள்.

"என்ன வேடிக்கை? கட்டில் கடிக்காது, ஏறுங்க."

இருட்டுவதற்குள் குடியிருப்பு மொத்தமும் ஆற்றோடு போனது. ஜன்னலில் நின்று பார்த்தவள் வயிறெரிந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ போட்டாள்.

மண் சரிந்து மூடியிருந்த மலைப்பாதை திறந்ததும் மேனேஜர் வந்தார். சேறு படிந்த விரிப்புகளைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"யாரையும் கேக்கல சார்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"வீடே போயிடுச்சு. இனிமே வேலையைக் காட்டி மிரட்டாதீங்க. எல்லாரும் உசிரோட இருக்காங்க, வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க. குடியிருக்க வேற இடம் காட்டுற வரைக்கும் ஒருத்தரும் இறங்க மாட்டோம்."

அவர் குரலை உயர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க, குழந்தை தூங்குது" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.