பூக்கட்டிப் பார்த்த நாள்

பூசாரிகள் ஏமாற்றுக்காரர்கள் என்பதை ஒன்பதாம் வயதில், தரை டிக்கெட்டில் அமர்ந்து நான் கற்றுக்கொண்டேன். திண்டுக்கல்லில் அப்போது ஓடிய ஒரு படத்தில், கதையோடு சற்றும் ஒட்டாமல் இடையிடையே வந்துபோன நகைச்சுவைப் பகுதியில் ஒரு பூசாரி இருந்தார். பண்ணையார் மகளைத் தம் மகனுக்கு முடிக்க எண்ணி, சாமி முன் பூக்கட்டிப் பார்க்கச் சொல்வார். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் தடை. இரண்டு பொட்டலத்திலும் அவர் வெள்ளையையே வைத்திருப்பார். பூவெடுத்த சிறுமி மற்றதையும் பிரித்துக் காட்ட, பூசாரி மணியைப் போட்டுவிட்டு ஓடுவார். கொட்டகை அதிர்ந்தது. எங்களை அழைத்துச் சென்றிருந்த பெரியப்பா கிருத்திகை விரதம் தவறாதவர். அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அதன்பின் கோயிலில் என் பார்வை சாமியை விட்டுப் பூசாரியின் கைகளுக்குச் சென்றது. திருநீறு வாங்கும்போது சிரித்து, அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன்.

அந்த ஆனி மாதம் சித்திக்கு, சித்தப்பாவின் மனைவிக்கு, மதுரையிலிருந்து எங்கள் நாகல் நகர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கி இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும். மணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சித்தி எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் ஒரு வாரத்திற்குள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

“கட்டிக் குடுத்த பொம்பள ஆஸ்டல்ல போய் இருந்தா நாகல் நகரே சிரிக்கும்ணே” என்றார் சித்தப்பா.

பெரியப்பா தம்பியிடம் எதையும் ஆணையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. “பழனியாண்டவன் போகச் சொன்னா அனுப்புவியாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

“அவன் சொன்னா மறிக்க நான் யாருண்ணே?”

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா குளித்துவிட்டு, நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக்கொண்டு பூசை அறைக்குள் தனியே சென்றார். வாழையிலைத் துண்டுகளில் பூவை வைத்து, நாரால் கட்டி, முருகன் படத்தின் முன் இரண்டு பொட்டலங்களையும் வைத்த பின்பே எங்களைக் கூப்பிட்டார். பூவெடுக்கக் குழந்தைதான் வேண்டும். வீட்டில் இருந்த குழந்தை நான்.

“ஏத்தா, முருகா முருகான்னு சொல்லி ஒண்ண எடு.”

எடுத்தேன். சித்தப்பா வாங்கிப் பிரித்தார். வெள்ளை. நிலையைப் பிடித்து நின்றிருந்த சித்தி மெல்லச் சரிந்து தரையில் அமர்ந்துவிட்டார். “எந்திரிடி, பெட்டியக் கட்டுற வழியப் பாரு” என்றார் அம்மா. சித்தப்பா, “சரிண்ணே, போகட்டும்” என்றார்.

மற்றப் பொட்டலத்தை யாரும் கவனிக்கவில்லை. எனக்கோ அடுத்து நடக்க வேண்டியது தெரிந்திருந்தது. நாரை அவிழ்த்தேன்.

“இதுலயும் வெள்ளதான்!”

திரைச் சிறுமியின் குரலிலேயே கத்திவிட்டு, சிரிப்புக்காகத் திரும்பினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா இரண்டு பூக்களையும் பார்த்தார். பிறகு தம் அண்ணனைப் பார்த்தார்.

“சாமி பேரச் சொல்லியாண்ணே?”

கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். சித்தி எழுந்து, ஊறவைத்திருந்த அரிசியைக் களைந்து ஆட்டுரலில் இட்டார். பள்ளியில் சேர வேண்டிய நாள் திங்கட்கிழமை. அது வந்தது, போயிற்று. அந்தக் கடிதத்தைப் பற்றி வீட்டில் பிறகு பேச்சே எழவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. உண்மையைச் சொன்னவளைத் திட்டாதது நியாயமே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எல்லோரும் கலைந்த பிறகும் பெரியப்பா மட்டும் அந்த அறையிலேயே இருந்தார். குனிந்து இரண்டு பூக்களையும் எடுத்தார். ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி, முருகன் படத்தின் அடியில் வைத்தார். கைகூப்பிய நிலையில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சாமியை ஏமாற்றியவர் அதே சாமியிடம் இன்னும் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.