அல்போன்சா திறந்த கண்கள்

14-8-1956 — ரூ. 6-8-0
3-2-1957 — ரூ. 7-0-0
21-9-1957 — ரூ. 7.50
9-1-1958 — ரூ. 7.50

நான்கு பேருக்குக் கண் திறந்ததற்காக அல்போன்சா வாங்கிய கூலி இது. நால்வரும் இறந்தவர்கள். உயிரோடு இருந்தபோது போட்டோவே எடுத்துக்கொள்ளாதவர்கள் அப்போது அதிகம். இறந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். பிரதியில் மூடிய இமைகளின் மேல் திறந்த கண்களைத் தீட்டுவது, திண்டுக்கல்லில் நான் பில் எழுதிய ஸ்டூடியோவில் அவளுடைய வேலை.

அவளுக்கு பரோடாவில் ஓவியப் பட்டப்படிப்பில் சேர ஆசை. மாதிரியாக அந்த நான்கு படங்களின் நகல்களையும் அனுப்பினாள். 12-5-1958 அன்று பதில் வந்தது: ‘நால்வருக்கும் ஒரே கண்கள். உயிருள்ள ஒருவரை எதிரில் வைத்து வரைந்து, ஜூன் 5-க்குள் அனுப்பினால் பரிசீலிப்போம்.’

அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்துத்தான் நால்வருக்கும் தீட்டியிருந்தாள்.

ஆனால் அவள் முன் உட்கார ஆள் கிடைக்கவில்லை. அவள் வரைந்தால் ஆயுள் போய்விடும் என்று ஊரில் பயம். பூக்கடை மலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஆத்தா, நீ படம் போட்ட ஆளுக்கெல்லாம் நாந்தான் மாலை கட்டியிருக்கேன். என் படத்துக்கு எவன் கட்டுவான்?”

“நீங்களே ஒண்ணு கட்டி வச்சுட்டு வாங்க மாமா.”

“அடி ஆத்தி! நான் கடையச் சாத்திட்டே போயிர்றேன்.”

மே 27 அன்று வக்கம்பட்டி சுந்தரம்மாள் கத்தரிக்காய்க் கூடையோடு வந்தாள். பட்டியலில் முதல் படம் அவள் கணவருடையது.

“ஆளு கெடைக்கலையாமே. நான் உக்காரவா?”

“பயமில்லையா அக்கா?”

“எனக்கென்ன பயம்? அவருக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது, தெரியுமா? நீ வச்சது அவரு கண்ணு இல்ல. இருந்தாலும் முழிச்சுப் பாக்குறாரேன்னு பேசாம இருந்துட்டேன். எனக்காவது எங் கண்ணையே வையி.”

அல்போன்சா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். அன்று முழுவதும் ஜன்னல் வெளிச்சத்தில் வரைந்தாள். நடுவில் சுந்தரம்மாள் இரண்டு வீசை கத்தரிக்காய் விற்றாள். கண்ணைக் கடைசியில்தான் தொட்டாள் அல்போன்சா.

ஜூன் 20 அன்று இடம் கிடைத்தது. ஐந்தாண்டுப் படிப்பு. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் வக்கம்பட்டிக்குப் போய், கணவரின் முகத்தைச் சுந்தரம்மாள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

தேறிய செய்தியோடு பரோடாவிலிருந்து அவள் எழுதிய கடைசிக் கடிதம் ஸ்டூடியோவுக்கு வந்தது. உள்ளே அந்த மனிதரின் புதிய படம், இடது கண் சற்றே சிறியதாக. சுந்தரம்மாளை வரவழைத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

“இவருதான். அந்தப் பழைய படத்துல கடன் கேக்க வந்தவரு மாதிரில்ல முழிச்சாரு” என்றாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி.

கடிதம் வந்த தேதி 17-5-1963. அந்தப் படத்துக்குக் கூலி இல்லை.